இரண்டு நட்சத்திரம் போட்ட வரி

காலை ஒன்பது பத்துக்கு, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்த நாத்தனார் இரண்டு கைகளையும் தூக்கிப் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினாள். காதில் ஹெட்ஃபோன். வாய் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தது. கண்கள் மட்டும் இவளை முறைத்தன.

இவளுக்குப் புரியவில்லை. பொறு என்கிறாளா, நாசமாய்ப் போ என்கிறாளா? வீட்டில் நாத்தனாருக்கு இரண்டுக்கும் ஒரே சைகைதான்.

அது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை. நகரத்தின் அவசர அழைப்புகள் எல்லாம் அங்கேதான் வந்து விழும். பெரிய கூடத்தில் பன்னிரண்டு மேஜைகள். அழைப்பை எடுப்பவர் திரையில் ஒரு சீட்டைத் திறந்து முகவரியை அடித்தால், பக்கத்தில் எந்த வண்டி நிற்கிறது என்று திரை சொல்லும். அந்தத் திரைகளுக்குப் பதில் சொல்லும் சர்வர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், நீளமான குளிர் அறையில், இரும்பு அலமாரிகளில் அடுக்கப்பட்டிருந்தன. எல்லாம் யூனிக்ஸ் இயந்திரங்கள். அலங்காரம் கிடையாது, கறுப்புத் திரையில் கட்டளையை அடித்தால் எழுத்தில் பதில் வரும். அலமாரி வரிசையின் கடைசியில், ஏசியின் காற்று நேராக முதுகில் அடிக்கும் இடத்தில் அவளுடைய மேஜை இருந்தது. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் அங்கே உட்கார முடியும்.

எட்டு வருடத்துக்கு முன்பும் அவளுக்கு அதே மேஜைதான். அப்போது ஐந்து வருடம் வேலை பார்த்திருந்தாள். மகள் இருபத்தொன்பதாவது வாரத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்தாள். முதல் மூன்று வருடம் ஆஸ்பத்திரி, அடுத்த இரண்டு வருடம் நடைப் பயிற்சி, அப்புறம் பள்ளிக்கூடம் என்று காலம் ஓடிவிட்டது. மூன்று மாதத்துக்கு முன் இதே வேலைக்கு விண்ணப்பித்தபோது, சோதனைக் காலம் என்று எழுதி எடுத்துக்கொண்டார்கள். அந்த மூன்று மாதம் இன்றோடு முடிகிறது. வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று மாலை நாலு மணிக்கு மேலாளர் சொல்வார்.

அவளுக்கு இந்த இடம் வேண்டியிருந்தது. ஏன் என்று கணவன் ஒருநாள் கேட்டபோது அவள் சொன்ன பதில் இதுதான்: "வீட்ல எல்லாரும் என்கிட்ட ‘எங்க’ன்னு கேக்கறீங்க. துண்டு எங்க, சாவி எங்க, சாக்ஸ் எங்க. அங்க என்னை ‘ஏன்’னு கேக்கறாங்க." கணவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சரி, கண்ணாடி எங்க?" என்றான்.

மேஜைத் தொலைபேசி அடித்தது. நாத்தனார்தான்.

"சர்வர் மேடம்." கோபம் வந்தால் அலுவலகத்தில் நாத்தனாருக்கு மரியாதை கூடிவிடும்.

"சொல்லுங்க அண்ணி."

"ஸ்க்ரீன் தூங்குது. சீட்டைத் திறந்தா கொட்டாவி விடுது. போன்ல இருக்கறவங்கள ‘மூச்சு இருக்கா பாருங்க’ன்னு கேட்டுட்டு, அப்படியே திரும்பி ‘உனக்கு இருக்கா’ன்னு கம்ப்யூட்டரையும் கேக்க வேண்டியிருக்கு."

"எப்பலேருந்து?"

"ஏழு மணிக்கு நான் வந்ததுலேருந்து. ராத்திரி ஷிஃப்ட்டைக் கேட்டா, மேப் மாத்தறாங்க, மெதுவாத்தான் இருக்கும்னு நோட்டீஸ் ஒட்டியிருக்கேங்கறாங்க. மாத்தி முடிச்சாச்சா, இன்னும் மாத்திக்கிட்டே இருக்கீங்களா?"

வரைபட மென்பொருளின் புதிய பதிப்பை வெளி நிறுவனம் ஒன்று முந்தின இரவுதான் ஏற்றியிருந்தது. ஆகவே யார் குற்றவாளி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சர்வர் அறையின் இன்னொரு ஊழியன் ஏற்கெனவே அந்த நிறுவனத்தோடு போனில் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தான். அவன் உயரமாக, ஒல்லியாக, எந்தச் சந்திலும் நுழைந்து வெளிவரக்கூடிய உடம்போடு இருப்பான். கூடத்தில் எல்லாரும் அவனை ஒயர் என்றுதான் கூப்பிடுவார்கள். இவள் விட்டுப்போன நாற்காலியில் எட்டு வருடத்துக்கு முன் வந்து உட்கார்ந்தவன் அவன்தான்.

போனை வைத்துவிட்டு ஒயர் சொன்னான்: "‘எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு’ங்கறான் அக்கா."

"நம்மகிட்ட யாராவது கேட்டா நாம என்ன சொல்லுவோம்?"

"அதையேதான்."

அவள் முதன்மை சர்வருக்குள் நுழைந்தாள். நுழையவே நேரம் பிடித்தது. கடவுச்சொல்லை அடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் அமைதி. நினைவகத்தில் பாதிக்கு மேல் காலி. தகவல் பதியும் வட்டிலும் இடம் இருந்தது. பிராசசரோ விடுமுறை நாள் போலச் சும்மா கிடந்தது. ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் பிங் கட்டளையை அடித்தால் அரை மில்லி நொடியில் பதில் வந்தது. வேலை தலைக்கு மேல் இருந்து தாமதமானால் அதற்கு ஓர் அர்த்தம் உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கிறவன் தாமதித்தால் என்ன அர்த்தம்?

எழுந்து கூடத்துக்குப் போனாள். பன்னிரண்டு மேஜையிலும் மஞ்சள் காகிதக் கட்டுகள் வெளியே வந்திருந்தன. திரை திறக்கும்வரை முகவரியைக் காகிதத்தில் எழுதிக்கொள்வது நாத்தனாரின் ஏற்பாடு. காலை ஷிஃப்ட்டின் தலைமை அவள். இருபத்திரண்டு வருடமாக அந்த ஹெட்ஃபோனைக் கழற்றாதவள்.

"கை காட்டினேனே, பாக்கலையா?" என்றாள் நாத்தனார்.

"பாத்தேன். திட்டறீங்கன்னு நினைச்சேன்."

"திட்டணும்னா விரல் எதுக்கு? பத்து நொடின்னு காட்டினேன். சீட்டைத் திறந்தா பத்து நொடி."

"சுமாரா பத்தா?"

"சுமாரா என்ன சுமாரா? நெஞ்சை அழுத்தச் சொல்லிப் போன்லயே தினம் எத்தனை பேருக்கு எண்ணிக் கொடுக்கறேன். என் எண்ணிக்கையில உனக்குச் சந்தேகமா? பத்துன்னா பத்து. எல்லா மேஜையிலயும் போன் அலறும்போதும் பத்து, ஒருத்தரும் கூப்பிடாதப்பவும் பத்து. கூடவும் இல்ல, குறையவும் இல்ல."

அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன, தெரிஞ்சுபோச்சா?"

"இல்ல அண்ணி. ஆனா மேப் இல்ல. நெரிசல்னா ஒரு தடவை நாலு நொடி, ஒரு தடவை இருபதுன்னு மாறும். மாறாம பத்துன்னா யாரோ யாருக்கோ காத்துக்கிட்டு இருக்காங்க. குறிச்ச நேரம் வரைக்கும் காத்திருந்துட்டு, போதும்னு விட்டுடறாங்க."

"அப்ப காத்திருக்கறது யாருக்குன்னு கண்டுபிடி. நாங்க இங்க யாருக்கும் காத்திருக்க முடியாது." அதற்குள் அவள் காதில் ஒரு அழைப்பு விழுந்துவிட்டது. குரல் ஒரே நொடியில் மாறியது. "சொல்லுங்கம்மா, நான் இருக்கேன், எங்கேருந்து பேசறீங்க?"

திரும்பி வந்ததும் அவள் சர்வரின் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். ஒவ்வொரு சீட்டும் எப்போது கேட்கப்பட்டது, எப்போது கொடுக்கப்பட்டது என்று அதில் இருக்கும். தாமதம் தொடங்கியது நேற்று மாலை ஐந்து மணி நாலு நிமிடத்துக்கு. வரைபடத்தை மாற்ற ஆரம்பித்ததோ எட்டு மணிக்கு. மெதுவாக இருக்கும் என்று முன்கூட்டியே ஒட்டிய நோட்டீஸ்தான் எல்லாருடைய வாயையும் அடைத்திருந்தது.

பிறகு சர்வரின் நெட்வொர்க் வாசலில் காது வைத்துக் கேட்கும் கட்டளையை ஓடவிட்டாள். போகிற கேள்வியும் வருகிற பதிலும் வரிவரியாகத் திரையில் ஏறின. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது விஷயம் தெளிவானது. கூடத்தின் கணினிகள் ஒவ்வொரு சீட்டுக்கும் சர்வரின் கதவைப் புதிதாகத் தட்டுகின்றன. சர்வர் பழைய காலத்து ஆசாமி. தட்டுவது யார் என்று விசாரிக்காமல் திறக்காது. ‘இந்த எண்ணுக்கு என்ன பெயர்?’ என்று எல்லாக் கணினிகளின் எண்ணையும் பெயரையும் வைத்திருக்கும் பெயர் மெஷினை ஒரு முறை கேட்கும். பெயர் வந்ததும், ‘அந்தப் பெயருக்கு இதுதான் எண்ணா?’ என்று சரிபார்க்க இன்னொரு முறை கேட்கும். இரண்டு கேள்விகளும் ஏழு என்று முடியும் முகவரிக்குப் போயின. ஏழிலிருந்து பதில் இல்லை. ஐந்து நொடி பொறுத்துவிட்டு இருபது என்று முடியும் முகவரியைக் கேட்டால், அது உடனே சொன்னது. இரண்டு கேள்வி, கேள்விக்கு ஐந்து நொடி.

நாத்தனாரின் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

"ஒயர், ஏழு யாரு?"

அவன் சுழல் நாற்காலியில் திரும்பினான்.

"மேஜைக்கு அடியில இருந்துச்சே, பழைய மெஷின். ‘அணைக்காதே’ன்னு சீட்டு ஒட்டி."

"அதுக்கு என்ன?"

"நேத்து அஞ்சு மணிக்கு அணைச்சேன்."

அவ்வளவுதான் சொன்னான். சொல்லிவிட்டு அவள் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, கண்ணைத் தரைக்குக் கொண்டுபோய்விட்டான்.

அவளுக்கு நினைவு வந்தது. நேற்று ஐந்து மணிக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவன் கேட்டான். "அக்கா, இது உங்க காலத்து மெஷின். இதுல ஏதாவது ஓடுதா?" மகளின் பள்ளி வண்டி வந்துவிடுமே என்ற அவசரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்: "அதையெல்லாம் நான் அப்பவே காலி பண்ணிட்டேன். அணைச்சுடுங்க." இரண்டு வாக்கியம். அப்போது அறையில் வேறு யாரும் இல்லை.

"திரும்பப் போட்டுடலாம்" என்று ஒயர் எழுந்து ஓடினான். மெஷினின் பொத்தானை அழுத்தியதும் விசிறி சுற்றியது. உள்ளே வட்டு ‘டக்’ என்றது, மறுபடி ‘டக்’ என்றது, பிறகு அதுவும் இல்லை. பல வருடம் நிற்காமல் சுற்றிய வட்டுகள் ஒரு ராத்திரி குளிர்ந்துபோனால் சில சமயம் மறுபடி எழாது. ஒயர் தரையில் மண்டியிட்டு அதன் பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான்.

"போயிடுச்சு" என்றான்.

"போகட்டும். அதைக் கேக்கச் சொல்லி யாரு எழுதிவெச்சாங்கன்னு பாக்கறேன்."

பெயர் கேட்க வேண்டிய மெஷின்களின் முகவரிகள் ஒரு சின்னக் கோப்பில் இருக்கும். அவள் அதைத் திறந்தாள். மொத்தமே மூன்று வரி. முதல் வரியில் ஒரு குறிப்பு: ‘தற்காலிகம். புது மெஷின் நிலைத்ததும், அடுத்த வாரம், கீழே உள்ள வரியை எடுத்துவிட வேண்டும்.’ குறிப்பின் கடைசியில் ஒரு தேதி, இரண்டு நட்சத்திரக் குறிகள். இரண்டாவது வரியில் ஏழு. மூன்றாவது வரியில் இருபது.

குறிப்புகளின் முடிவில் இரண்டு நட்சத்திரம் போடுவது அவளுடைய பழக்கம். வேறு யாரும் போடுவதில்லை. தேதியைப் படிக்க அவளுக்கு நாட்காட்டி தேவைப்படவில்லை. மகளின் பிறந்தநாளுக்கு முந்தின நாள் அது. அன்று பிற்பகல் புதிய மெஷினுக்கு எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருந்தபோது இடுப்பில் ஒரு வலி வந்தது. வாயுப் பிடிப்பு என்று நினைத்து இன்னும் இரண்டு கோப்பைத் திருத்தினாள். இது இரண்டாவது கோப்பு. அடுத்த வாரம் என்று அவள் எழுதிய அந்த வாரத்தில் அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த எட்டு வருடமும் மேஜைக்கு அடியிலிருந்த மெஷின் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. என்ன செய்கிறது என்று தெரியாததால் யாரோ ‘அணைக்காதே’ என்று சீட்டு ஒட்டினார்கள். தெரியும் என்று நினைத்த ஒரே ஆள் அணைக்கச் சொன்னாள்.

ஒயர் அலமாரிக்குப் பின்னால் இருந்தான். அவள் திரையை யாரும் பார்க்கவில்லை. வரியை எடுக்கும்போது மேலே உள்ள குறிப்பும் சேர்ந்து போகும். அப்படிப் போனால் எல்லாருக்கும் தெரிந்த கதை, ஒயர் பழைய மெஷினை அணைத்தான் என்பதோடு முடிந்துவிடும்.

அதை அப்புறம் யோசிக்கலாம் என்று கோப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்தாள். ஏழு என்று முடியும் வரியை நீக்கினாள். அப்புறமும் ஒரு வேலை மிச்சம் இருந்தது. சீட்டுகளைத் திறந்து கொடுக்கும் மென்பொருள், ஓடிக்கொண்டிருக்கும்போது இந்தக் கோப்பை மறுபடி படிக்காது. அதை நிறுத்தித் தொடங்கினால்தான் படிக்கும். நிறுத்தித் தொடங்க நாற்பது நொடி ஆகும். அந்த நாற்பது நொடியும் பன்னிரண்டு திரைகளும் இருண்டிருக்கும்.

கூடத்துக்கு அவளே போனாள். இந்த மாதிரி அனுமதியைப் போனில் கேட்பது மரியாதை இல்லை.

"நாப்பது நொடி வேணும் அண்ணி. ஸ்க்ரீன் மொத்தமா போயிடும்."

"வருமா?"

"வரும்."

"வருமான்னு கேட்டேன். வரணும்னு வேண்டிக்கறியான்னு கேக்கல."

"வரும் அண்ணி. வரலைன்னா ரெண்டு நிமிஷத்துல பழையபடி பத்து நொடிக்கே கொண்டுவந்துடுவேன். நகல் இருக்கு."

நாத்தனார் பன்னிரண்டு மேஜைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். மூன்று பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "எல்லாரும் பேப்பர் எடுத்துக்குங்க. வண்டிங்க எங்க நிக்குதுன்னு போர்டுல எழுதுங்க, சீக்கிரம்" என்றாள். வெள்ளைப் பலகையில் ஒருவன் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தாள். அந்த மூன்று அழைப்புகளும் முடிந்தன. நாத்தனார் கையைத் தூக்கி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டளையை அடித்து வைத்துக் காத்திருந்த ஒயருக்குத் தலையசைத்தாள்.

திரைகள் இருண்டன. அந்தக் கூடத்தில் வழக்கமாகக் கேட்காத ஒலிகள் கேட்டன. யாரோ பேனாவைத் தட்டினார்கள். தண்ணீர்ப் பாட்டிலின் மூடி திறந்தது. பதினாறாவது நொடியில் ஒரு போன் அடித்தது. எடுத்தது நாத்தனார். ஏணியிலிருந்து விழுந்தவர், நினைவு இருக்கிறது, காலை அசைக்க முடியவில்லை. அவள் மஞ்சள் காகிதத்தில் எழுதிக்கொண்டே பலகையைப் பார்த்தாள். விரலை நீட்டி ஒரு வண்டியைக் காட்டினாள். பக்கத்து மேஜைப் பெண் வானொலியில் அந்த வண்டியைக் கூப்பிட்டாள். "அவரைத் தூக்காதீங்க. அப்படியே இருக்கட்டும். வண்டி கிளம்பிடுச்சு" என்று நாத்தனார் சொல்லி முடித்தபோது திரை எரிந்தது.

அவள் ஒரு கையால் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் புதுச் சீட்டைத் திறந்தாள். விரலை எடுப்பதற்குள் சீட்டு திறந்திருந்தது.

நாத்தனார் திரும்பி, இந்த முறை ஒரே ஒரு விரலைக் காட்டினாள். பிறகு, அதுவும் அதிகம் என்பது போல அதையும் பாதி மடக்கினாள்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சர்வர் அறைக் கதவின் கைப்பிடியில் ஒரு கோடு போட்ட நோட்டு கயிற்றில் தொங்கும். எது நின்றுபோனாலும் அன்றைக்கே அதில் எழுத வேண்டும்: என்ன நடந்தது, ஏன், யார் கையால். அடித்தல் திருத்தல் கூடாது. தாளைக் கிழிக்கக் கூடாது. மேலாளர் தினமும் நாலு மணிக்கு அந்த நோட்டைப் படிப்பார். அவர் கணினி ஆள் இல்லை. இருபது வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டிவிட்டு, முதுகு போன பிறகு மேஜைக்கு வந்தவர். வண்டியில் வைத்திருந்த பயண நோட்டைத்தான் இங்கேயும் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள்.

மதியம் அவள் நோட்டைக் கையில் எடுத்தபோது ஒயர் ஏற்கெனவே எழுதியிருந்தான். கோணலான கையெழுத்து. ‘பழைய பெயர் மெஷினை நேற்று மாலை நான் அணைத்தேன். யாரையும் கேட்காமல், சரிபார்க்காமல் அணைத்தேன். அதனால் சீட்டு திறக்கப் பத்து நொடி தாமதம். இப்போது சரிசெய்யப்பட்டது.’

அவள் அதை இரண்டு முறை படித்தாள். நோட்டோடு கயிறும் அவிழ்ந்து வர, அவன் மேஜைக்குப் போனாள்.

"யாரையும் கேக்காமலா?"

ஒயர் ஒரு கேபிளின் முனையைச் சீவிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "நீங்க கிளம்பற அவசரத்துல என்னமோ சொன்னீங்க. சரியா காதுல விழல."

"விழுந்துச்சு. ‘சரிக்கா’ன்னு பதில் சொன்னீங்க."

"நாலு மணிக்கு உங்களுக்குப் பேச்சு இருக்கு. எனக்கு வேலை நிரந்தரம். திட்டுவாரு, நின்னு கேட்டுட்டு வந்துடுவேன். ஏற்கெனவே பழக்கம்தான்."

"அந்த வரியையும் பாத்தீங்களா?"

இப்போது நிமிர்ந்தான். "நகல்ல பாத்தேன். ரெண்டு நட்சத்திரம். நீங்க யாருன்னே தெரியாத காலத்துலேருந்து அந்த நட்சத்திரத்தைப் பாத்துட்டு வரேன் அக்கா. எந்த ஃபைலைத் திறந்தாலும் இருக்கும். சில நாள் திட்டுவேன், ‘யாரு இந்த நட்சத்திரம், இவ்வளவு நல்லா விளக்கி எழுதியிருக்கு, ஆனா கடைசியில அடுத்த வாரம்னு முடிச்சிருக்கு’ன்னு. பல நாள் கும்பிட்டிருக்கேன். அதுக்காக ஒரு பொய் சொன்னா தப்பில்ல."

அவள் நோட்டை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். முதுகில் ஏசி அடித்தது. கொஞ்ச நேரம் பேனாவின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். நாலு மணிக்கு அவர் என்ன சொன்னால் நாளைக் காலை எப்படி விடியும் என்று ஒரு முறை நினைத்துப் பார்த்தாள். மகளுக்குத் தலை வாரி, பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டு, வாசலில் நிற்கும் தன்னைப் பார்த்தாள். அந்த வாழ்க்கையிலும் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அங்கே நின்றுகொண்டு இந்த நோட்டின் இந்தப் பக்கத்தை நினைத்துக்கொண்டே இருப்பாள் என்பதும் தெரிந்தது.

ஒயரின் வரிகளுக்குக் கீழே எழுதினாள். ‘மேலே உள்ளதில் ஒரு திருத்தம். அணைப்பதற்கு முன் அவர் என்னைக் கேட்டார். ஒன்றும் ஓடவில்லை, அணைக்கலாம் என்று நான் சொன்னேன். சரிபார்க்காமல் சொன்னேன். அந்த மெஷினைக் கேட்கச் சொல்லும் வரியை எட்டு வருடத்துக்கு முன் எழுதி வைத்ததும் நான்தான். ஒரு வாரத்தில் எடுப்பதாக எழுதியிருந்தேன். எடுக்கவில்லை.’ கையெழுத்துப் போட்டாள். கை தானாக இரண்டு நட்சத்திரமும் போட்டது.

நோட்டைக் கதவில் மாட்டிவிட்டு, எல்லா சர்வர்களிலும் ‘தற்காலிகம்’ என்ற சொல் வரும் இடங்களைத் தேடச் சொல்லி ஒரு கட்டளை அடித்தாள். பதில் திரையை நிரப்பிக்கொண்டு மேலே ஏறியது.

நாலு மணிக்கு மேலாளர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். அவர் அறையில் கணினி இருந்தது. அதன் மேல் ஒரு கைக்குட்டை உலர்ந்துகொண்டிருந்தது. சுவர் முழுக்க நகரத்தின் சாலை வரைபடம். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நோட்டைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் படித்தார். படித்து முடித்து ஒயரைப் பார்த்தார்.

"யாரையும் கேட்காமல்னு எழுதியிருக்கே. கேட்டியா, கேக்கலையா?"

"கேட்டேன் சார்."

"அப்ப நோட்டுல பொய் எழுதியிருக்கே."

"ஆமா சார்."

"உன் பொய் நல்ல பொய்தான். ஆனா அடுத்த வருஷம் இதை ஒருத்தன் படிப்பான். படிச்சுட்டு, ‘ஓகோ, ஒரு வார்த்தை கேட்டுட்டு அணைச்சா போதும்’னு நினைப்பான். நீ கேட்டுட்டுத்தானே அணைச்சே? அப்பவும் நின்னுபோச்சே."

அவர் நோட்டை மேஜைமேல் வைத்தார்.

"பாலம் இருக்கான்னு ஊர்க்காரனைக் கேட்டா, அவன் போன வருஷம் பாத்ததைத்தான் சொல்லுவான். நாமதான் இறங்கிப் பாக்கணும். மெஷினுக்கு எப்படி இறங்கிப் பாக்கறது?"

பதில் அவளிடமிருந்து வந்தது. "அதுகிட்ட யாராவது கேள்வி கேக்கறாங்களான்னு காது வெச்சுக் கேக்கலாம் சார். ஒரு வாரம் கேட்டு, ஒருத்தரும் வரலைன்னா அணைக்கலாம்."

"எழுதுங்க அதை. ரெண்டு பேரும் எழுதினதுக்குக் கீழ." அவர் நோட்டைத் திருப்பினார். "எட்டு வருஷத்துக்கு முன்னன்னு எழுதியிருக்கீங்களே, அது என்ன தேதி?"

அவள் தேதியைச் சொன்னாள். தயங்கிவிட்டு, "அன்னைக்கு இங்கேருந்துதான் சார் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வண்டி ஓட்டினது நீங்க" என்றாள்.

மேலாளர் சுவரிலிருந்த வரைபடத்தை ஏறிட்டுப் பார்த்தார்.

"உங்களை ஞாபகம் இல்ல" என்றார் நேர்மையாக. "ஆனா அந்த வாரம் மேம்பாலத்துல வேலை நடந்துச்சு. மார்க்கெட் பக்கமா சுத்தித்தான் போயிருப்பேன்."

"ஆமா சார். சுத்தித்தான் போனீங்க."

"குழந்தை?"

"மூணாம் வகுப்பு."

அவர் தலையாட்டிவிட்டு விஷயத்துக்கு வந்தார். "இந்த மாதிரி வரி இன்னும் எத்தனை கிடக்கு?"

"நாப்பத்தொண்ணு சார். மத்தியானம் தேடிப் பாத்தேன்."

"உங்களுது?"

"பதிமூணு."

"மிச்சம்?"

ஒயர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இருபத்தாறு என்னுது சார். ரெண்டு யாருதுன்னு தெரியல."

மேலாளர் சிரிக்கவில்லை. ஆனால் மூக்குக்கண்ணாடி நெற்றியிலிருந்து தானாக வழுக்கி மூக்கில் வந்து உட்கார்ந்தது. "ஒண்ணுக்கு ஒரு வாரம் காது வெச்சுக் கேக்கணும்னு இப்பத்தான் சொன்னீங்க. நாப்பத்தொரு வாரம்." மேஜையின் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். சோதனைக் காலம் முடிந்தவருக்கான படிவம். மேலே இரண்டு கட்டங்கள். ஒன்றில் குறி போட்டார். கீழே, ‘காரணம்’ என்று ஒரு நீண்ட கோடு இருந்தது. அங்கே பேனா நின்றது. எழுத்து வேலையில் அவர் மெதுவான ஆள். இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒரே வரி எழுதி, படிவத்தை அவள் பக்கம் தள்ளினார்.

‘கேட்பதற்கு முன் சொல்கிறார்.’

வாசலில் நாத்தனார் குடையோடு நின்றிருந்தாள். அவளுடைய ஷிஃப்ட் மூன்று மணிக்கே முடிந்திருந்தது. வானத்தில் மேகம் என்று ஒன்று இல்லை.

"மழை வருமோன்னு பாத்துட்டு நிக்கறேன்" என்றாள். "என்ன சொன்னாரு உங்க டிரைவரு?"

"நாப்பத்தொரு வாரத்துக்கு வேலை இருக்குன்னாரு அண்ணி."

"அதுக்கப்புறம்?"

"அதுக்குள்ள நாங்க புதுசா எழுதி வெச்சிருப்போம்."

நாத்தனார் குடையால் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். அதை வாழ்த்து என்று எடுத்துக்கொள்ள இவளுக்குப் பல வருடப் பழக்கம் இருந்தது. இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். பாதி வழியில் அவள் கைப்பையில் போன் அடித்தது. மகள்.

"அம்மா, என் ஸ்கேல் எங்க?"

"மேஜைக்கு அடியில பாரு."

போனில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆமா, இருக்கு" என்றது குரல். "அது ஏம்மா அங்க போச்சு?"

அவள் நின்றுவிட்டாள். பஸ் வந்துகொண்டிருந்தது. நாத்தனார் குடையை நீட்டி அதை நிறுத்தினாள்.

"வரேன் இரு" என்றாள் அவள். "வந்து, ஏன்னு கண்டுபிடிக்கலாம்."